சம்பளத்தில் வரி பிடித்துவிட்டார்கள், பிறகு எதற்கு விபரத்திரட்டு? நவம்பர் 30க்கு முன் உதவி தேவை

அகல்யா, தலவாக்கலை | 2025 நவம்பர் 8, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் வருமான வரி கட்டியதில்லை. அம்மா கொழுந்து எடுத்தவர், அப்பா தோட்டத்து பெக்டரியில் வேலை செய்தவர். அதனால் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

நான் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். போன வரிமதிப்பாண்டில், அதாவது 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, மாதச் சம்பளம் 140,000. ஒவ்வொரு மாதமும் 2,400 ரூபாய் வரி கழித்திருக்கிறார்கள். சனி ஞாயிறில் டவுனில் ஓர் அறை எடுத்து ஓ.எல் பிள்ளைகளுக்குக் கணித வகுப்பு நடத்துகிறேன். அதில் அந்த வருடம் சுமார் 480,000 வந்தது. வங்கியில் பிக்சட் (நிலையான வைப்பு) ஒன்றும் இருக்கிறது. அதன் வட்டி 100,000, அதில் 5,000 வரியாகப் பிடித்தார்கள்.

2024 தொடக்கத்தில் எல்லோரும் டின் என்ற வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்று சொன்னபோது நானும் பதிந்தேன். இப்போது விபரத்திரட்டை, அதாவது வருமான வரிக் கணக்கை, நவம்பர் 30க்குள் கொடுக்கச் சொல்லி அறிவித்தல் வந்திருக்கிறது. சம்பளத்தில்தான் பிடித்துவிட்டார்களே, இன்னும் ஏன்? வரி எல்லை 18 இலட்சம் என்கிறார்கள். என் வருடச் சம்பளம் 1,680,000தான். அப்படியானால் நான் வரியே கட்டத் தேவையில்லை அல்லவா? கம்பனியில் கேட்டால் ‘உங்கள் வரியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்கிறார்கள். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

மஸ்கெலியா தம்பி | நவம்பர் 8, இரவு 10.05

அக்கா, எங்கள் அம்மாவுக்கும் போன வருடம் இதே பயம். டின் எடுத்தால் சம்பளத்தில் வெட்டுவார்கள் என்று லயம் (தோட்டத்து வீட்டு வரிசை) முழுக்கப் பேச்சு. டவுனில் ஒருவர் ஆளுக்கு 3,000 வாங்கிக்கொண்டு பதிந்து கொடுத்தார். அம்மாவும் கொடுத்துவிட்டார். இப்போது அம்மாவும் விபரத்திரட்டு கொடுக்க வேண்டுமா?

கணக்கப்பிள்ளை மகன், கண்டி | நவம்பர் 9, காலை 6.30

தங்கச்சி, முதலில் பயத்தை விடுங்கள். உங்கள் விசயம் தீர்க்கக்கூடியது. நான் கண்டியில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறேன். மலையகத்திலிருந்து வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் குழம்புகிறார்கள்.

பதிவு வேறு, வரி கட்டும் பொறுப்பு வேறு, விபரத்திரட்டு கொடுக்கும் பொறுப்பு வேறு. டின் இலக்கம் என்பது வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அவ்வளவுதான். அதை எடுத்தாலே வரி வந்துவிடாது. வருமானம் எல்லையைத் தாண்டினால்தான் வரி. விபரத்திரட்டு என்பது ‘எனக்கு இவ்வளவு வந்தது, இவ்வளவு வரி, இவ்வளவு ஏற்கெனவே கட்டியாயிற்று’ என்று நீங்களே உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் சொல்லும் கணக்கு. அதைக் கொடுக்கச் சொல்லி அறிவித்தல் வந்துவிட்டால், வரி பூச்சியமானாலும் கொடுத்துவிட வேண்டும்.

தம்பி, உங்கள் அம்மாவின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 என்றால், 25 நாள் பேர் போட்டாலும் (வேலை நாளாகப் பதிந்தாலும்) மாதம் 33,750. வருடத்துக்கு நான்கு இலட்சத்துச் சொச்சம். எல்லைக்கு வெகு கீழே. அவருக்கு வருமான வரி கிடையாது. பதிவும் இலவசம். அடையாள அட்டை இருந்தால் இணையத்திலேயே செய்யலாம். அந்த 3,000 திரும்ப வராது, ஆனால் பக்கத்து லயத்தில் இன்னும் கொடுக்காதவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் சொல்லுங்கள்.

அகல்யா, உங்களுக்கு விரிவாக மதியம் எழுதுகிறேன். அதுவரை ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். 18 இலட்சம் என்பது 2025 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த எல்லை. உங்கள் கணக்கு அதற்கு முந்திய ஆண்டுக்கு.

ஹட்டன் கடைக்காரர் | நவம்பர் 9, காலை 8.15

மகள், உங்கள் கேள்வியைப் படித்ததும் என் மேசை லாச்சிதான் ஞாபகம் வந்தது. கொவிட் காலத்தில் என் ஹார்ட்வெயார் கடை பாதி நாள் பூட்டியே கிடந்தது. ‘வியாபாரமே இல்லை, என்ன விபரத்திரட்டு’ என்று இரண்டு வருடம் ஒன்றும் கொடுக்கவில்லை. பிறகு ஒரு கடிதம் வந்தது. எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. ‘ஆறுதலாகப் பார்ப்போம்’ என்று லாச்சிக்குள் போட்டேன். இரண்டாவது கடிதமும் அதற்குள்ளேயே போனது.

பிறகு மருமகன் வந்து வாசித்துச் சொன்னபோதுதான் அது மதிப்பீடு என்று தெரிந்தது. நான் கணக்குக் கொடுக்காததால் அவர்களே என் வருமானத்தை மதிப்பிட்டு வரி போட்டிருக்கிறார்கள். அதை ஏற்காவிட்டால் 30 நாளுக்குள் எழுத்தில் மீளாய்வு கேட்டிருக்க வேண்டும். அந்த 30 நாள் எப்போதோ போய்விட்டது.

என்னால் இன்றும் ஆற முடியாத விசயம் ஒன்று இருக்கிறது. 2020/21இல் தனிநபர் நிவாரணம், அதாவது வரி இல்லாமல் விடும் வருமானம், 30 இலட்சம். என் உண்மையான இலாபம் அதற்குள்தான். நேரத்துக்குக் கணக்கைக் கொடுத்திருந்தால் ஒரு சதமும் கட்டியிருக்க வேண்டியதில்லை. கடைசியில் தவணையாகக் கட்டுவதற்கு எழுதிக் கேட்டு, மாதம் மாதம் கட்டி முடித்தேன். கடையில் நின்ற பையனுக்கு அந்த தீபாவளிக்குச் சரியாகக் கொடுக்க முடியவில்லை.

கொட்டகலை டீச்சர் | நவம்பர் 9, காலை 9.50

ஐயா, வாசிக்கவே மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நானும் ஒரு விசயம் சேர்க்கிறேன். கடிதம் சிங்களத்தில் வந்தால் வெட்கப்பட வேண்டாம். அரசமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி தமிழும் நாடு முழுக்க நிருவாக மொழி. அரசாங்க அலுவலகத்தோடு தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு உரிமை இருக்கிறது. ‘இதைத் தமிழில் தாருங்கள்’ என்று எழுதிக் கேளுங்கள். ஆனால் தமிழில் வரட்டும் என்று காத்துக்கொண்டு இருக்காதீர்கள், நாள் ஓடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கே பக்கத்தில் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்த் திகதியை மட்டுமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் எனக்கும் ஒரு கேள்வி. டியூசன் காசு பிள்ளைகள் கையில் கொண்டு வந்து தருவது. சிலர் 500, சிலர் இரண்டு மாதம் சேர்த்து. பற்றுச்சீட்டு எழுதுவதில்லை. இதை எப்படிக் கணக்குக் காட்டுவது?

கணக்கப்பிள்ளை மகன், கண்டி | நவம்பர் 9, பகல் 1.20

அகல்யா, இப்போது உங்கள் கணக்கு. கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு என்னோடு எழுதுங்கள்.

சம்பளம் 140,000 வீதம் 12 மாதம், 1,680,000.

வகுப்பில் வந்தது 480,000. ஆனால் வந்தது எல்லாம் வருமானம் ஆகாது. அந்த வகுப்பை நடத்துவதற்காகவே செலவானதைக் கழிக்கலாம். அறை வாடகை எவ்வளவு? மாதம் 8,000 என்று வைத்தால் 96,000. போட்டோகொப்பி, மார்க்கர், பலகை 24,000 என்று வைப்போம். மிச்சம் 360,000. சாப்பாடு, வீட்டுச் செலவு, தம்பியின் படிப்புச் செலவு இவற்றைக் கழிக்க முடியாது.

பிக்சட் வட்டி 100,000. கையில் கிடைத்த 95,000ஐ எழுதக்கூடாது, வரி பிடிப்பதற்கு முந்திய தொகைதான் எழுத வேண்டும்.

மொத்தம் 2,140,000. அந்த ஆண்டின் தனிநபர் நிவாரணம் 1,200,000. கழித்தால் 940,000. இதற்குத்தான் வரி.

அந்த ஆண்டு வீதங்கள் ஒவ்வொரு ஐந்து இலட்சத்துக்கும் படி ஏறும். முதல் 500,000க்கு 6 வீதம், அடுத்த 500,000க்கு 12, பிறகு 18, 24, 30, அதற்கு மேல் 36. உங்களுக்கு முதல் 500,000க்கு 30,000. மீதி 440,000க்கு 52,800. மொத்தம் 82,800.

இதில் கம்பனி பிடித்தது மாதம் 2,400 வீதம் 28,800. வங்கி பிடித்தது 5,000. இரண்டையும் கழித்தால் நீங்கள் இன்னும் கட்ட வேண்டியது 49,000 ரூபாய்.

கம்பனி சொன்னதில் பொய் இல்லை. அவர்கள் தரும் சம்பளத்துக்கு அவர்கள் பிடித்தது சரிதான். ஆனால் உங்கள் வகுப்பும் வட்டியும் அவர்களுக்கு எப்படித் தெரியும்? சம்பளத்தில் பிடிப்பது முற்பண வரி. எல்லா வருமானத்தையும் ஒன்றாக அடுக்கும்போது நீங்கள் 6 வீதப் படியைத் தாண்டி 12 வீதப் படிக்குப் போய்விட்டீர்கள். குழப்பம் வருகிற இடம் அதுதான்.

அகல்யா, தலவாக்கலை | நவம்பர் 9, பகல் 2.05

அண்ணே, வாடகை சரியாக 8,000தான். ஆனால் 49,000 என்றதும் கை நடுங்குகிறது. அவ்வளவு ஒரேயடியாகக் கையில் இல்லை.

ரதல்ல ரோட் | நவம்பர் 9, பகல் 2.30

டியூசன் காசு கைக்காசுதானே. யாருக்குத் தெரியப்போகிறது? சம்பளத்தை மட்டும் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். லயத்துக்குப் போகிற ரோடு இன்னும் மண் ரோடு. மழை வந்தால் ஆட்டோ வராது. இருநூறு வருடமாக நமக்கு என்ன செய்தார்கள் என்று நாம் வரி கட்ட வேண்டும்?

கொட்டகலை டீச்சர் | நவம்பர் 9, பகல் 3.10

தம்பி, ரோட்டைப் பற்றிய கோபம் எனக்கும் இருக்கிறது. என் பள்ளிக்கூடத்துக்கே பிள்ளைகள் நான்கு கிலோமீற்றர் நடந்து வருகிறார்கள். ஆனால் இந்தப் பிள்ளை நம்மிடம் உதவி கேட்டு வந்திருக்கிறாள். நாளைக்கு அவள் வீடு கட்டக் கடன் கேட்டுப் போனால் வங்கி வருமான ஆதாரம் கேட்கும். வங்கிப் புத்தகத்தில் ஒன்று, விபரத்திரட்டில் ஒன்று என்று இருந்தால் பதில் சொல்லப்போவது நீங்கள் இல்லை, அவள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். வரி கட்டாதவர் நம்மில் யார்? கொழுந்து எடுக்கிற அம்மா வாங்குகிற சவர்க்காரத்திலும் பிஸ்கட்டிலும் 18 வீதம் பெறுமதி சேர் வரி இருக்கிறது. மாதம் முப்பதாயிரம் சம்பாதிப்பவர் அதைக் கேள்வி கேட்காமல் கட்டிக்கொண்டு இருக்கிறார். மாதம் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் சம்பாதிக்கிற நாம் நம் பங்கை ஒளிக்கலாமா? ரோட்டைக் கேட்பதானால் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்போம்.

ரதல்ல ரோட் | நவம்பர் 9, பின்னேரம் 4.45

டீச்சர், அந்த அம்மா கதை சரி. ஒளிக்கச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ரோட்டுக் கதையை வாங்க மாட்டேன்.

கணக்கப்பிள்ளை மகன், கண்டி | நவம்பர் 9, இரவு 8.00

அகல்யா, 49,000 பற்றி. உண்மையை மறைக்காமல் சொல்கிறேன். 2024/25க்கான மீதி வரியைச் செப்டெம்பர் 30க்குள் கட்டியிருக்க வேண்டும். நவம்பர் 30 என்பது விபரத்திரட்டுக்கான திகதி. இரண்டும் வேறு. இது தெரியாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். உரிய நாளிலிருந்து 14 நாளுக்குள் கட்டாத வரிக்கு 20 வீதம் தண்டப்பணம் வரும். அதோடு மாதத்துக்கு 1.5 வீதம் வட்டி. உங்கள் தொகைக்குத் தண்டம் 9,800, வட்டி முதல் மாதத்துக்கு 735.

அதனால் இப்போது செய்ய வேண்டியது இது. கையில் இருப்பதை உடனே கட்டுங்கள். பாதி கட்டினாலும் வட்டி ஓடுவது மிச்சத்துக்கு மட்டும்தான். மீதிக்குத் தவணை கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், ஏன் முடியவில்லை, மாதம் எவ்வளவு முடியும் என்று தெளிவாக. பணம் முழுக்கச் சேரட்டும் என்று விபரத்திரட்டைப் பிடித்து வைக்காதீர்கள். காசு இல்லாவிட்டாலும் விபரத்திரட்டு 30ஆம் திகதிக்குள் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் அதற்குத் தனியாக ஒரு தண்டம் இருக்கிறது, அது வரியை விடப் பெரிதாகவும் வரலாம்.

வங்கியில் கட்டும்போது சீட்டில் எந்த வரிக்கு, எந்த ஆண்டுக்கு என்ற குறியீடுகளை இரண்டு தடவை பாருங்கள். பிழையான ஆண்டுக்குப் போன காசு உங்கள் பெயரில்தான் இருக்கும், ஆனால் இந்த ஆண்டு கட்டவில்லை என்றே காட்டும். அதைச் சரிசெய்ய நடக்கிற நடை இருக்கிறதே, அது பெரிய நடை. கட்டிய சீட்டைப் படம் எடுத்து வையுங்கள்.

கம்பனியிடம் ரீ-10 படிவத்தைக் கேளுங்கள். வருடம் முழுக்கச் சம்பளம் எவ்வளவு, பிடித்த வரி எவ்வளவு என்று அதில் இருக்கும். உங்கள் 28,800க்கு அதுதான் சாட்சி. வாயால் கேட்டது போதும், மின்னஞ்சலில் கேளுங்கள். வரும்வரை 12 சம்பளச் சீட்டையும் சேர்த்து வையுங்கள். வங்கியிடமும் வட்டிக்குப் பிடித்த வரியின் சான்றிதழைக் கேளுங்கள்.

டீச்சர், கைக்காசுக்கு 40 பக்கக் கொப்பி ஒன்று போதும். திகதி, பிள்ளையின் பெயர், எந்த மாதத்துக்கு, எவ்வளவு. மறுபக்கம் செலவு. வகுப்பு முடிந்ததும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். எங்கள் அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பிரட்டில் (வேலைக்கு வந்தவர்களைக் கணக்கெடுக்கும் இடத்தில்) பேர் போடுவதை அன்றன்றைக்கே எழுதாவிட்டால் ஒருவருடைய நாட்சம்பளமே போய்விடும் என்று சொல்வார். இதுவும் அப்படித்தான். கொப்பியையும் சீட்டுகளையும் ஐந்து வருடம் வைத்திருங்கள்.

லிந்துலை கிளாக்கர் | நவம்பர் 10, காலை 7.00

நான் தோட்டத்து ஒபிசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். சேமலாப நிதியும் பணிக்கொடையும் சேர்த்து 40 இலட்சத்தைப் பிக்சட்டில் போட்டிருக்கிறேன். அதைத் தவிர எனக்கு வேறு வருமானம் இல்லை. ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வெட்டுகிறார்கள். 18 இலட்சத்துக்குக் கீழே இருப்பவனிடம் எப்படி வெட்டலாம்? மருந்துக் காசு அது.

கணக்கப்பிள்ளை மகன், கண்டி | நவம்பர் 10, காலை 7.45

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது, அதற்கு வழியும் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் வட்டிக்குப் பிடிக்கும் வரியை 5 வீதத்திலிருந்து 10 ஆக்கினார்கள். உங்கள் பிக்சட்டுக்கு எட்டு வீத வட்டி என்று வைத்தால் வருடம் 320,000. அதில் 32,000 போகிறது. ஆனால் வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேல் போகாதவர்கள் வங்கியில் சுயபிரகடனம் ஒன்றை எழுதிக் கொடுத்தால் அதன் பிறகு பிடிக்க மாட்டார்கள். வங்கிக்குப் போய் ‘வட்டி வரிக்கான பிரகடனப் படிவம்’ என்று கேளுங்கள். இரண்டு வங்கியில் வைப்பு இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். இதுவரை பிடித்ததை விபரத்திரட்டு மூலம் மீளப்பெறக் கேட்கலாம், அதற்கு வங்கியின் சான்றிதழ் வேண்டும்.

பணிக்கொடையைப் பற்றியும் பயப்பட வேண்டாம். ஓய்வின்போது கிடைக்கும் பணிக்கொடையில் முதல் ஒரு கோடிக்கு வரி வீதம் பூச்சியம்.

பதுளை டிசைனர் | நவம்பர் 10, இரவு 11.20

நான் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு லோகோ, வெப் டிசைன் செய்கிறேன். டொலரில் வங்கிக்கு வரும். ரூபாயில் பார்த்தால் மாதம் மூன்று இலட்சம் அளவில். இதற்கு வரி இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். உண்மையா?

கணக்கப்பிள்ளை மகன், கண்டி | நவம்பர் 11, காலை 6.15

2025 மார்ச் 31 வரை உண்மை. ஏப்ரல் 1 முதல் இல்லை. வெளிநாட்டவருக்குச் செய்யும் சேவைக்கு வெளிநாட்டு நாணயத்தில் வங்கி மூலம் வரும் வருமானத்துக்கு இப்போது வரி உண்டு, ஆனால் உச்ச வீதம் 15.

செலவு எதையும் கழிக்காமல் பார்த்தால் வருடம் 3,600,000. நிவாரணம் 1,800,000 போனால் மீதி 1,800,000. முதல் பத்து இலட்சத்துக்கு 6 வீதம், 60,000. மீதி எட்டு இலட்சத்துக்கு 15 வீதம், 120,000. மொத்தம் 180,000. இணையக் கட்டணம், மென்பொருள் சந்தா போன்ற தொழில் செலவைக் கழித்தால் இது குறையும்.

உங்களுக்குச் சம்பளத்தில் பிடிப்பவர் யாரும் இல்லை. நீங்களே நான்கு தவணையில் கட்ட வேண்டும். ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. முதல் தவணை போய்விட்டது. இரண்டாவதுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. முதலாவதையும் சேர்த்து இப்போதே கட்டிவிடுங்கள். டொலர் வருகிற அன்றைக்கே ஒரு பங்கை வேறு கணக்கில் ஒதுக்குங்கள். தம்பி, நான் பார்த்த பிரச்சினைகளில் பாதி, வரி கட்ட மனமில்லாததால் வந்தவை அல்ல. வரிக் காசையும் செலவு செய்துவிட்டதால் வந்தவை.

மஸ்கெலியா தம்பி | நவம்பர் 11, காலை 9.00

அண்ணே, இன்னொரு சிக்கல். அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு எழுத்து. டின்னில் எந்தப் பெயர் இருக்க வேண்டும்?

கணக்கப்பிள்ளை மகன், கண்டி | நவம்பர் 11, காலை 9.25

அடையாள அட்டையில் இருப்பதுதான். வங்கிப் புத்தகத்தையும் அதற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஹட்டன் கடைக்காரர் | நவம்பர் 11, காலை 10.40

இந்தப் பெயர் விசயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் பெரியவர்கள் ஏன் அரசாங்கக் கடிதத்தைக் கண்டால் ஒளித்து வைக்கிறார்கள் என்று இளம் பிள்ளைகள் கேட்பது உண்டு. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான குடும்பம் எங்களுடையது. 2003இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் எங்கள் சித்தப்பா பிரஜையானார். அதுவரை ‘பேர் பதிகிறார்கள்’ என்றால் அது நல்ல செய்தியாக இருந்ததே இல்லை. நான் கடிதத்தை லாச்சியில் போட்டதில் அந்தப் பழைய பயமும் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அம்மாமாரைக் கடிந்துகொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.

கொட்டகலை டீச்சர் | நவம்பர் 11, பகல் 12.30

ஐயா, இதை நான் ஏ.எல் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன்.

கணக்குத் தம்பி, ஒரு சந்தேகம். விபரத்திரட்டைக் கொடுத்த பிறகு அவர்கள் வேறு தொகை சொல்லி மதிப்பீடு அனுப்பினால் என்ன செய்வது?

கணக்கப்பிள்ளை மகன், கண்டி | நவம்பர் 11, இரவு 8.50

முதலில் உறையில் இருக்கும் திகதியையும் கடிதம் கைக்கு வந்த நாளையும் எழுதி வையுங்கள். 30 நாளுக்குள் நிர்வாக மீளாய்வு கேட்டு எழுத வேண்டும். எந்தத் தொகை பிழை, ஏன் பிழை, அதற்கு என்ன சான்று என்று மூன்றையும் எழுதுங்கள். ‘இது அநியாயம், மன்னிக்கவும்’ என்று மட்டும் எழுதினால் பயன் இல்லை. கொடுத்ததற்கு முத்திரை குத்திய பிரதி வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டை வையுங்கள். மீளாய்வின் முடிவிலும் உடன்பாடு இல்லை என்றால் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு இருக்கிறது, அதற்கும் நாள் எல்லை உண்டு.

சின்னச் சந்தேகங்களுக்கு இறைவரித் திணைக்களத்தின் 1944 என்ற இலக்கத்தை அழையுங்கள். அவர்களின் கண்டிப் பிராந்திய அலுவலகத்துக்கு நேரில் போவதென்றால் அடையாள அட்டை, டின் இலக்கம், வந்த கடிதம் மூன்றையும் கொண்டு போங்கள். ஹட்டனிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் அன்றைக்கே திரும்பலாம்.

அகல்யா, தலவாக்கலை | நவம்பர் 21, இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கம்பனிக்கு மின்னஞ்சல் அனுப்பியதும் மூன்றாம் நாள் ரீ-10 வந்தது. 28,800 சரியாக இருந்தது. வகுப்புக் காசை உட்கார்ந்து பெயர் பெயராக எழுதிப் பார்த்தேன். 480,000 என்று நான் சொன்னது உத்தேசம்தான். இரண்டு பிள்ளைகள் ஆறு ஆறு மாதம் காசு கொடுக்கவில்லை. அவர்களின் அப்பா சுகமில்லாமல் இருந்ததால் நான் கேட்கவும் இல்லை. உண்மையில் வந்தது 468,000. கணக்கப்பிள்ளை அண்ணன் பார்த்துச் சொன்னார், கட்ட வேண்டிய மீதி 1,440 குறைந்து 47,560 ஆனது.

30,000ஐ 12ஆம் திகதியே கட்டினேன். சீட்டில் ஆண்டுக் குறியீட்டை முதலில் பிழையாகத்தான் எழுதியிருந்தேன், கவுண்டரில் கொடுக்கும் முன் பார்த்து மாற்றினேன். மீதி 17,560க்கு மூன்று தவணை கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். தண்டப்பணத்துக்கான அறிவித்தல் இன்னும் வரவில்லை, வந்தால் எடுத்து வைக்காமல் அன்றைக்கே வாசிப்பேன். விபரத்திரட்டை நேற்று இணையத்தில் அனுப்பினேன். ஏற்றுக்கொண்ட இலக்கத்தை அச்செடுத்தேன், அதை அம்மா அவருடைய பழைய பிரஜாவுரிமைச் சான்றிதழ் இருக்கும் பைக்குள் தானாகவே வாங்கி வைத்தார்.

இந்த ஆண்டுக்கும் அண்ணன் சொன்ன மாதிரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே வருமானம் என்றால் சம்பளத்தில் ஒன்றும் பிடிக்க மாட்டார்கள், ஆனால் எல்லாம் சேர்த்து 2,128,000 ஆவதால் 328,000க்கு 6 வீதம், 19,680. வட்டியில் 10,000 பிடித்துவிடுவார்கள். மீதி 9,680. மாதம் 900 ரூபாய் ஒதுக்கினால் போதும். வகுப்பு அறைச் சாவி வைக்கிற தகர டின்னிலேயே அதற்கு ஓர் உறை போட்டிருக்கிறேன்.

லிந்துலை ஐயா, அந்தப் பிரகடனப் படிவத்தை அப்பாவுக்காக வாங்கியபோது உங்களுக்கும் ஒன்று கேட்டு வாங்கினேன். ஞாயிறு வகுப்பு முடிந்து 4 மணிக்கு டவுனில் இருப்பேன். டீச்சர், கொப்பியின் பக்கத்தைப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.

லிந்துலை கிளாக்கர் | நவம்பர் 22, காலை 6.50

வருகிறேன் மகள். கண்ணாடியையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.